உப்புத் தின்ற எஞ்சினுக்கு நல்ல தண்ணீர்

இப்பகுதிக்கு இத்திங்கள் வந்த மடல்களுள் ஒன்று, நாம் வழக்கமாக விடை எழுதும் மாடித் தொட்டி, மின்விசிறி, எரிவாயு அடுப்பு முதலான வீட்டுப் பொருள்களைப் பற்றியதன்று. எலெக்ட்ரானிக் சிட்டியில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையாரும் சிற்றப்பாவும் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கூட்டாக ஒரு விசைப்படகு வைத்துத் தொழில் செய்து வருகின்றனர். மூன்று திங்களுக்குள் இருமுறை அப்படகின் எஞ்சின் கடுஞ்சூடேறி நடுக்கடலில் நின்றுவிட்டது. இரண்டாம் முறை, பக்கத்தில் தொழில் செய்துகொண்டிருந்த வேறொரு படகினர் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தனர். எஞ்சினை இறக்கி முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும், புது எஞ்சின் வாங்கும் செலவில் பாதியேனும் ஆகும் என்றும் ஊர் மெக்கானிக் சொல்கிறாராம். வங்கியில் கடன் கிடைக்குமா என்று தந்தையார் தொலைபேசியில் கேட்கிறார். "நான் கணிப்பொறி படித்தவன், எஞ்சினைப்பற்றி ஒன்றும் அறியேன். கடன் வாங்குவதா, வேண்டாவா?" என்பது இளைஞரின் வினா.

கடலே இல்லாத பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கடல் எஞ்சினைப்பற்றி எழுதுவதா என்று சில இல்லத்தார் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் நாகையிலிருந்தும், பாம்பனிலிருந்தும், தூத்துக்குடியிலிருந்தும், குளச்சலிலிருந்தும் இங்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு எஞ்சினுக்கே போகிறது. அப்பணம் போகுமுன் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதுவது இப்பகுதியின் கடமையே. கடலோடு தொடர்பில்லாதார் தம் கார் ரேடியேட்டரை மனத்திற்கொண்டு படிக்கலாம். முக்காற்பங்கு அதற்கும் பொருந்தும்.

நம் பாட்டனார் காலத்துக் கட்டுமரத்துக்கும் பாய்வள்ளத்துக்கும் இந்நோய் இல்லை. காற்று தள்ளியது, பாய் விரிந்தது, சூடு என்ற பேச்சே கிடையாது. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் எஞ்சின் பொருத்திய மீன்பிடிப் படகுகளைப் பழக்கும் திட்டம் மறு ஆண்டே தொடங்கிற்று. அதன்பின் இருகரையிலும் விசைப்படகு பெருகிற்று. எஞ்சின் வந்தது, அதனோடு எஞ்சினைக் குளிரவைக்கும் தொல்லையும் வந்தது.

தொல்லையின் வேர் எளியது. ஒரு டீசல் எஞ்சின் எரிக்கும் எண்ணெயின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விசிறியைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சிய பங்கின் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீர் ஏற்று வெளியே கொண்டுபோக வேண்டும். தண்ணீர் சில நிமிடங்கள் ஓடாதுபோனால் அவ்வளவு சூடும் இரும்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், தலைப்பகுதி வளையும், கேஸ்கெட் எரியும். ஆகவே எஞ்சினைக் கொல்வது சூடாயினும், அச்சூட்டுக்குக் கதவு திறந்துவிடுவது பெரும்பாலும் தண்ணீர்ப் பாதையில் ஏற்பட்ட ஓர் அடைப்பேயாகும். அடைப்பை நீக்கும் செலவு வேறு. எஞ்சினைப் பிரிக்கும் செலவு வேறு. கடன் வாங்குமுன் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

அடைப்பு எங்ஙனம் உண்டாகிறது? பெங்களூர் இல்லத்தரசியாருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைச் சில திங்கள் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று ஓடுபோற் படிந்திருக்கும். நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து சூடு பட்டதும் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. கீசர் நாளடைவில் மந்தமாவதும் இதனாலேயே. கடல்நீரோ ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைச் சுமந்து வருவது. அது அறுபது பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினால் படிவு விரைந்து சேரும். அதன்மேல் மணல், பாசி, சிப்பிக்குஞ்சு, வலைநூல், இக்காலத்துப் பிளாஸ்டிக் பை ஆகியனவும் சேர்கின்றன. உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பார்களே, அது எஞ்சினுக்கும் பொருந்தும். அது குடிக்க வேண்டியது உப்பில்லாத தண்ணீர். நம் கடற்கரையார் வழக்கில் 'நல்ல தண்ணீர்'.

இனி, தம்பியின் படகில் உள்ளது எவ்வகை அமைப்பு என்பது முதலில் தெரியவேண்டும். காற்றாலேயே குளிரும் சிறு எஞ்சின்கள் உண்டு. அவற்றுக்குத் தண்ணீரே இல்லை. கடல்நீரையே நேராக எஞ்சினுக்குள் செலுத்தி வெளியேற்றுவன உண்டு. படகின் அடிப்புறத்தில் வெளியே பதித்த குழாய்களில் நல்ல தண்ணீரைச் சுழலவிட்டு, சுற்றியுள்ள கடலால் அதைக் குளிர்விப்பதும் உண்டு. பெரிய விசைப்படகுகள் பலவற்றில் இருப்பது இருதண்ணீர் முறை. எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் மூடிய வட்டத்தில் சுற்றும். கடல்நீர் தனி வழியில் வந்து, சிறுசிறு குழாய்கள் அடுக்கிய ஒரு பெட்டிக்குள் அந்நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு கடலுக்கே திரும்பிவிடும். இரண்டும் கலவா, சூடு மட்டும் கைமாறும். கூலர் என்று பலர் சொல்லும் அப்பெட்டியே இக்கதையின் நடுநாயகம். மடலில் தம்பி சொல்லும் குறிப்புகளைக்கொண்டு பார்த்தால் அவர்கள் படகில் இருப்பது இம்முறையே.

கடல்நீர் செல்லும் வழியை மனத்திற் பதித்துக்கொண்டால் நோய்நாடல் எளிதாகும். படகின் அடியில் ஒரு துளை, துளையின்மேல் ஒரு வால்வு, அங்கிருந்து ரப்பர் ஹோஸ், ஹோஸின் நடுவே குப்பை தடுக்கும் வடிகட்டி, பிறகு பம்பு, பம்பிலிருந்து கூலர், கூலரிலிருந்து படகின் பக்கவாட்டிலோ புகைக்குழாய் வழியாகவோ மீண்டும் கடல். இவ்வளவே. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒவ்வோரிடமாக நடந்து செல்பவர் நோயைக் கண்டுபிடிப்பார். நடுவிலே குதித்து எஞ்சினைப் பிரிப்பவர் பணத்தைச் செலவழிப்பார்.

ஆதலால் தம்பி தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, எஞ்சின் ஓடும்போது வெளியே கொட்டுகிற தண்ணீர் முன்போல வருகிறதா?" என்று கேட்கட்டும். அது ஒன்றே பாதி விடை. படகை நாள்தோறும் ஓட்டுகிற கண்ணுக்கு அந்நீரின் தடிப்பு நன்கு தெரியும். நீர் மெலிந்தோ விட்டுவிட்டோ வந்தால் குற்றம் கடல்நீர்ப் பாதையில் இருக்கிறது. நீர் வழக்கம்போல் கொட்டியும் சூடேறுமானால் கூலரின் உட்புறத்திலோ, உள்வட்ட நல்ல தண்ணீரிலோ, தெர்மோஸ்டாட்டிலோ குற்றத்தைத் தேடவேண்டும்.

எப்போது சூடேறுகிறது என்பது அடுத்த வினா. மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வலையை இழுக்கும்போதோ முழுவேகத்திலோ மட்டும் சூடேறினால், தண்ணீர் ஓடுகிறது, ஆனால் போதவில்லை என்று பொருள்: பாதி அடைத்த கூலர், பாதி மூடிய துளை, அல்லது உட்சுவர் பிரிந்து உறிஞ்சும் வேகத்தில் தட்டையாகிவிடும் பழைய ஹோஸ். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே எவ்வேகத்திலும் சூடேறினால் பம்போ, அறுந்த பெல்ட்டோ, மூடிக்கிடக்கும் தெர்மோஸ்டாட்டோ காரணமாகலாம். திடீரென்று ஒருநாள் வந்த நோயாயின் பிளாஸ்டிக் பையை ஐயுறுக. திங்கள் கணக்கில் முள் சிறிதுசிறிதாக ஏறிவந்திருந்தால் படிவை ஐயுறுக. தம்பியின் மடலில், ஓராண்டாகவே முள் வழக்கத்தைவிடச் சற்று மேலே நிற்பதாகத் தந்தையார் சொன்னார் என்றொரு வரி போகிறபோக்கில் வருகிறது. மடல் முழுவதிலும் மிகுந்த பயனுள்ள வரி அதுதான்.

முள்ளே பொய் சொல்வதும் உண்டு. சூடு காட்டும் கருவியின் கம்பி உப்புக்காற்றில் அரித்துப் போனால் குளிர்ந்த எஞ்சினையும் கொதிக்கிறதென்று காட்டும். எஞ்சின் உண்மையிலேயே நின்றுபோனதால் இங்கு அவ்வையம் இல்லை.

அடுத்து வடிகட்டி. மூடியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். வால்வை மூடிவிட்டுத் திறக்கவேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது. படகு நீரில் நிற்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அவ்வழியே காற்று உட்புகும். பம்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். எங்கும் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஒழுகாத ஓட்டையைக் கண்டுபிடிப்பது கடினமாதலின், ஹோஸ் பட்டைகள் யாவற்றையும் ஒருமுறை இறுக்கிவிடுவது நல்லது.

பம்புக்குள் இம்பெல்லர் என்றொரு ரப்பர்ப் பூ இருக்கிறது. அதன் இதழ்கள் மடங்கி விரிந்து தண்ணீரைத் தள்ளுகின்றன. அது தண்ணீராலேயே வழுவழுப்புப் பெறுவது. தண்ணீர் இன்றிச் சில நிமிடம் ஓடினாலே கருகி இதழ் உதிர்ந்துவிடும். பம்பின் முகமூடித் தகட்டைக் கழற்றி இதழ்களை எண்ணச் சொல்லுங்கள். ஓரிதழ் குறைந்திருந்தால் புதியது போட்டதோடு நிறுத்தலாகாது. உதிர்ந்த அவ்விதழ் எங்கேயோ போயிருக்கிறது. பெரும்பாலும் கூலரின் வாயில் அடைப்பானாக உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டவர் மறுவாரமே மீண்டும் மெக்கானிக்கைத் தேடுவர். இதழ்கள் முழுமையாக இருந்தும் ஒரே பக்கம் வளைந்து விறைத்துப் போயிருந்தால் அதுவும் மாற்றத்தக்கதே. ஆண்டுக்கொன்று மாற்றுவது வழக்கம். புது எஞ்சினோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டன்று.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கச் சமையலறையே போதும். அதைக் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பேற்ற வேண்டும். அதன்மேல் எத்தனை பாகையில் திறக்கும் என்று பொறித்திருக்கும். தண்ணீர் அச்சூட்டை அடைந்தும் அது வாய் திறக்காவிடில் புதிது வாங்குக. சில மெக்கானிக்குகள், "இது எதற்கு?" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். இவ்வழக்கத்தை நாம் ஒப்புவதில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வேண்டிய சூட்டை எட்டாமல் ஓடி எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும்; விரைவில் தேயும். சிலவகை எஞ்சின்களில் தண்ணீர் குறுக்குவழியிற் சென்று சூடு முன்னைவிட மிகுவதும் உண்டு.

இத்தனையும் பார்த்தபின் கேட்கவேண்டிய கடைசி வினா ஒன்றுண்டு. எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் நிறம் மாறியிருக்கிறதா? எஞ்சின் ஓடும்போது நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஓயாமல் குமிழிகள் வருகின்றனவா? ஆம் என்று விடை வந்தால் தலைக் கேஸ்கெட் போயிருக்கலாம். எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். மெக்கானிக் சொல்வது நியாயம். இல்லையென்று வந்தால் கடன் விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிட்டுக் கூலரைக் கழற்றச் சொல்லலாம்.

குமிழியைப் பார்க்கத் தொட்டி மூடியைத் திறப்பவர் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். சூடான எஞ்சினின் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. மூடிய வட்டத்துத் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் நீங்க, அத்தனையும் ஆவியாகி முகத்தில் பாயும். நம் வீட்டுக் குக்கரின் மூடியை விசில் அடங்குமுன் யாரேனும் திறப்பார்களா? ஒரு சிறு செய்தி: கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலேயுள்ள நம் பெங்களூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் நூறில் அன்று, ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடும். கார் வைத்திருப்போர் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையத்தைக் கவனிக்க இதுவும் ஒரு காரணம். அழுத்தம் காக்காத மூடி இங்கு மேலும் விரைவில் கொதிக்கவிடும். மற்றொன்று: சூடேறிய எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுதல் ஆகாது. வார்ப்பிரும்பு வெடித்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, நங்கூரமிட்டுக் காத்திருப்பதே வழி.

கூலரைத் திறப்பதும் மலைப்பான வேலையன்று. இருமுனை மூடிகளையும் கழற்றினால் தேன்கூடுபோல் குழாய் வாய்கள் தெரியும். அவற்றுள் இரும்புக் கம்பியை விடலாகாது. குழாய்கள் மென்மையான உலோகம், கீறினால் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ விடலாம். மெல்லிய குழாயாயின் தென்னை ஈர்க்கே போதும். கெட்டியான படிவுக்கு எலுமிச்சை உப்பு எனக் கடைகளில் விற்கும் பொருள் நல்ல மருந்து. லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெந்நீரிற் கரைத்து, குழாய்க்கட்டைத் தனியே கழற்றி அதில் ஊறவைத்தால் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கியதும் எடுத்துப் பார்த்து, வேண்டுமாயின் புதுக்கரைசலில் மீண்டும் இட்டு, இறுதியில் நல்ல தண்ணீரில் பலமுறை அலசவேண்டும். குளியலறை கழுவும் கடுந்திராவகத்தை ஊற்றுவோர் உண்டு. அது படிவை மட்டுமன்றிக் குழாயையும் தின்னும். அலுமினியப் பகுதிகள் இருந்தால் கேட்கவே வேண்டா.

கூலரில் துத்தநாகத் துண்டு ஒன்று திருகிப் பொருத்தப்பட்டிருக்கும். கடல்நீரில் பல உலோகங்கள் சேர்ந்திருக்கும்போது ஒன்று மற்றொன்றை அரிக்கும். அவ்வரிப்பைத் தான் ஏற்று மற்றவற்றைக் காப்பது இத்துண்டு. கரைந்துபோவதே அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றவேண்டும். எலுமிச்சை உப்பில் ஊறவைக்குமுன் இதைக் கழற்றிவிடுதல் முறை. பல ஆண்டுகளாக இப்படியொரு துண்டு இருப்பதையே அறியாத படகுக்காரரை நாம் கண்டிருக்கிறோம்.

சரி, நோய் தீர்ந்தது. மீண்டும் வாராதிருக்க என்செய்வது? நல்ல தண்ணீரால் அலசுவதுதான். இங்கேதான் தந்தையார் சினம் கொள்வார் என எதிர்பார்க்கிறோம். "குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற ஊரில் எஞ்சினுக்கு ஊற்றுவதா?" என்று அவர் கேட்டால் அது முற்றும் நியாயமான கேள்வி. கடற்கரை ஊர்ப் பெண்டிர் குடத்தோடு நிற்கும் வரிசையைப் பாராத எந்தப் புத்தகமும் இதற்கு விடை சொல்லாது.

நாம் சொல்லும் விடை இது. கழுவும் தண்ணீர் வேறு. உள்ளே குடியிருக்கும் தண்ணீர் வேறு. கழுவும் தண்ணீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்ததாக இருந்தாலே பெரும்பயன் தரும். குடிக்க உதவாத சவர்த்தண்ணீர்க் கிணறு ஊரில் இருந்தால் முதல் அலசலுக்கு அதுவே போதும். பின்னர்ச் சிறிது நல்ல தண்ணீர் விட்டு முடிக்கலாம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று இருந்தால் வேலை நடந்துவிடும். நாள்தோறும் செய்யவேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. நாள்தோறும் தொழிலுக்குப் போகும் விசைப்படகில் அது நடவாத காரியம். ஆனால் புயல் எச்சரிக்கையாலோ, வேலைநிறுத்தத்தாலோ, திருவிழாவாலோ படகு ஒரு வாரம் நிற்கப்போகிறதென்றால் நிறுத்துமுன் அலசியே தீரவேண்டும். ஓடும் உப்புநீரினும் தேங்கிக் காயும் உப்புநீரே கொடியது.

அலசும் முறை: கடல்நீர் வால்வை மூடி, அதிலிருந்து ஹோஸைக் கழற்றி, அதன் முனையைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் அமிழ்த்த வேண்டும். எஞ்சினை மிக மெதுவாக ஓடவிட்டால் பம்பு தானே உறிஞ்சிக்கொள்ளும். பீப்பாய் வற்றுமுன் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இம்பெல்லரின் கதையை முன்பே சொன்னோம். குழாயடியிலிருந்து வரும் அழுத்த நீரை நேராக ஹோஸில் செருகி, எஞ்சின் ஓடாதபோது செலுத்துதல் பெருந்தவறு. புகைக்குழாயில் தண்ணீர் கலக்கும் அமைப்பாயின் அந்நீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள்ளேயே புகுந்துவிடும். எஞ்சினைக் காக்கச் செய்த வேலை எஞ்சினைக் கொன்றுவிடும். முடிந்ததும் ஹோஸை மீண்டும் மாட்டி இறுக்குக. வால்வை மூடியே வைப்பதாயின் எஞ்சின் சாவியை அவ்வால்வின் கைப்பிடியிலேயே தொங்கவிடுக. சாவியை எடுக்க வருபவர் வால்வைத் திறக்காமல் போகமாட்டார்.

உள்வட்டத்தில் குடியிருக்கும் தண்ணீருக்கோ இச்சலுகை இல்லை. அங்கே சவர்த்தண்ணீரும் ஆகாது. பெங்களூர் ஆழ்குழாய்த் தண்ணீரும் ஆகாது. பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரும், எஞ்சின் கையேட்டில் சொன்ன கூலன்ட்டும் உரிய அளவிற் கலந்து ஊற்றவேண்டும். நம் நாட்டில் தண்ணீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பார் பலர். உறையாமற் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், நீர்ப்பம்பைக் காப்பதும் மற்ற வேலைகள். அளவு அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இராமல், எங்கே போகிறதென்று தேடவேண்டும்.

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்போருக்குச் சில சொற்கள். அவ்வெஞ்சின் கடல்நீரையே நேராகக் குடிப்பது, ஆதலின் அலசல் அதற்கு இன்னும் இன்றியமையாதது, எளிதுங்கூட. கரைக்குத் தூக்கி வந்தபின் கால்பகுதியை ஒரு பீப்பாயிலோ பெருந்தொட்டியிலோ, நீர் உறிஞ்சும் வாய் நன்கு முழுகும்படி நிறுத்தி, விசிறி சுழலாதபடி கியரை நடுநிலையில் வைத்துப் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் போதும். சூடேறித் தெர்மோஸ்டாட் திறந்தபின்னரே தண்ணீர் உள்ளெங்கும் பாயும் என்பதால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடலாகாது. பின்புறம் மெல்லிய தாரையாகப் பீச்சும் நீரே அதன் நாடி. தாரை நின்றால் எஞ்சினை நிறுத்துக. தாரை வரும் சிறுதுளையில் உப்பு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்திவிட்டு மறுபடி பார்க்கலாம்.

இவ்வகை எஞ்சின் நம் நகருக்கும் அயலன்று. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர்ப் பக்கத்துத் தெருக்களில் படகு வந்து மக்களை ஏற்றிச்சென்றதை நம் இல்லத்தார் சிலர் கண்ணாரக் கண்டனர். 2015 டிசம்பர்ச் சென்னை வெள்ளத்திலும், 2018 ஆகஸ்டுக் கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் தம் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து உயிர்களைக் காத்தனர். கடலுக்கென்று செய்த எஞ்சின் தெருவெள்ளத்தில் படும்பாடு கொஞ்சமன்று. ஆழம் குறைவு, அடியில் சேறு, மேலே மிதக்கும் பைகள். உறிஞ்சும் வாயைப் பை மூடிய சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். ஆகாயத்தாமரை மண்டும் காலத்தில் அல்சூர் ஏரியில் எஞ்சின் படகு ஓட்டுவோரும் அத்தொல்லையை அறிவர். சேற்றுநீரில் ஓடிய எஞ்சினை அன்றே அலசாவிடில் சேறு உள்ளே செங்கல்லாக இறுகிவிடும். பிறருக்கு உதவப்போன படகுக்காரர் தம் எஞ்சினை இழக்க நேர்ந்தால் அவ்விழப்பை ஈடு செய்பவர் யார் என்பதை உதவி பெற்ற நகரத்தார் எண்ணிப் பார்ப்பது தகும்.

தம்பியின் மடலுக்கே திரும்புவோம். பாக் நீரிணையில் எஞ்சின் நிற்பது மற்றக் கடலில் நிற்பதுபோலன்று. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்பாடுகளால் வகுத்த எல்லைக்கோடு அங்கே கரைக்கு வெகு அண்மையிலேயே ஓடுகிறது; தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவே. நின்றுபோன படகைக் காற்றும் நீரோட்டமும் எப்பக்கம் தள்ளும் என்பது அவற்றின் விருப்பம். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டோருள், எஞ்சின் பழுதாகி மிதந்து சென்றதாகச் சொன்னவர்களும் உண்டு. படகு பறிபோகலாம், ஆள் சிறைப்படலாம். இரண்டாம் முறை இழுத்துவர ஒரு படகு பக்கத்தில் இருந்தது. மூன்றாம் முறை இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? ஆகவே காரணம் தெரியும்வரை படகு கடலுக்குப் போகலாகாது என்று தம்பி தந்தையாரிடம் பணிந்து சொல்லவேண்டும். இரண்டு நாள் வருமானம் போகும் என்று சிற்றப்பா சொல்வார். அதை அனுப்பிவைப்பதே கடன் வாங்குவதினும் எளிது.

கடனைப்பற்றி: முள் ஓராண்டாகச் சிறிதுசிறிதாக ஏறிவந்ததையும், எண்ணெய் நிறம் மாறியதாகவோ குமிழி வந்ததாகவோ மடலில் ஒரு குறிப்பும் இல்லாததையும் பார்த்தால், கூலரில் படிவு என்றே நமக்குத் தோன்றுகிறது. நேரிற் காணாமல் உறுதி கூற இயலாது. இருமுறை கடுஞ்சூடு கண்ட எஞ்சினாதலால், கூலரைச் சுத்தம் செய்தபின் தலைப்பகுதி சரியாக இருக்கிறதா என்று அழுத்தம் பார்க்கச் சொல்வதும் முறையே. மெக்கானிக் பொய்யர் என்று நாம் கூறவில்லை. மேலே சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரும்படி அவரையே கேட்டு, அவ்வேலைக்கு உரிய கூலியைக் குறையாது கொடுக்க. கழற்றிய பழைய இம்பெல்லரையும் துத்தநாகத் துண்டையும் படம் எடுத்து அனுப்பும்படி தந்தையாரைக் கேட்டால் பெங்களூரில் இருந்தபடியே நிலைமை விளங்கும். படத்தை நமக்கு அனுப்பினால் நாமும் பார்க்கிறோம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குமரி மாவட்ட மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் கிழக்குக் கரையின் தடைக்காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. ஊருக்குப் போகும் நாளில் தம்பி ஒரு பகல் ஒதுக்கித் தந்தையாரோடு படகில் இறங்கி, கூலரைத் தம் கையாலேயே திறந்து பார்க்கலாம். போகுமுன் எஞ்சினின் மாதிரி எண்ணையும், பம்பின் தகட்டில் பொறித்த எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். இம்பெல்லரை ஜே.சி. சாலைக் கார் உதிரிக் கடைகளில் தேடி அலைவதினும், துறைமுக ஊர்க் கடையில் அவ்வெண்களைச் சொல்லி வாங்குவதே நலம். ஒன்று போதாது, இரண்டு வாங்குக. ஒன்று பம்புக்கு, மற்றொன்று ஒரு ஸ்குரூ டிரைவரோடு சேர்த்துப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடிப் படகிலேயே இருக்கட்டும்.